அளந்து பூட்டுகிற வேலை

லண்டனில் ஒரு வீட்டைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருக்க எத்தனை கிலோவாற் வேண்டும்? இருபது வருடம் பொயிலர் பூட்டிய ஆளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அவர் வேலை தெரியாதவர் என்றில்லை. அந்தக் கணக்கைப் போடவேண்டிய தேவையே அவருக்கு வந்திருக்காது. மூன்று அறை வீடென்றால் 30 கிலோவாற் கொம்பி பொயிலர், நாலு அறையென்றால் 35. கடையில் பெட்டியை வாங்கி, மதியத்துக்குள் பழையதைக் கழற்றி, பின்னேரத்துக்குள் புதியதைப் பூட்டி, காசை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். மேல்மாடி எப்படி இருக்கிறது என்று ஏறிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

அந்த 30 கிலோவாற் வீட்டுக்காக இல்லை, குளிப்புக்காக. குழாயைத் திறந்த கணத்தில் நிமிடத்துக்கு 12 லீற்றர் தண்ணீரைச் சுடவைத்துத் தர அவ்வளவு நெருப்பு வேண்டும். வருடத்திலேயே மிகக் குளிரான இரவில் அதே வீட்டை 21 டிகிரியில் வைத்திருக்க 6 முதல் 8 கிலோவாற் போதும். தேவைக்கு நாலு மடங்கு பெரிய இயந்திரத்தைச் சுவரில் மாட்டிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். சுவர் வழியே சூடு ஓடுகிறதா, ரேடியேற்றர் சின்னதா, பைப் ஒடுக்கமா, எதுவானாலும் தண்ணீரை 75 டிகிரியில் தள்ளினால் வீடு சூடாகிவிடும். வேலையில் இருந்த குறையெல்லாம் கேஸ் பில்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பொயிலர் எல்லாரையும் மன்னித்தது. ஹீற் பம்ப் ஒருவரையும் மன்னிக்காது.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் லண்டன் வந்து, ஈஸ்ற்ஹாமில் நம்மூர் அண்ணர் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து பைப் வேலை பழகியவன். கேஸ் வேலை செய்யக் கோர்கி பதிவு அட்டை வேண்டியிருந்த காலம் அது. 2009 ஏப்ரலில் அதன் இடத்துக்கு கேஸ் சேஃப் பதிவு வந்தது. அதற்கு முன்பே, 2005இல், இனிமேல் கொன்டென்சிங் பொயிலர்தான் பூட்டவேண்டும் என்று இங்கிலாந்தில் விதி வந்துவிட்டது. புகையோடு வெளியே போகிற நீராவியைக் குளிரவைத்து அதிலுள்ள சூட்டையும் பிடித்துக்கொள்ளும் பொயிலர் அது. ஆனால் ரேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். தொழிலில் பெரும்பாலானோர் 75, 80 என்று வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். வீட்டுக்காரரும் ரேடியேற்றர் தொட்டால் கை சுடவேண்டும் என்றுதான் கேட்டார். அதனால் பெட்டியில் எழுதியிருந்த சிக்கனம் பல வீடுகளில் பில்லில் தெரியவில்லை. யாரும் கேள்வி கேட்கவும் இல்லை. கேஸ் அப்போது மலிவு.

2022 பெப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. அந்த வருடம் ஒக்டோபரில், அரசாங்கம் பணம் போட்டுத் தாங்கிப் பிடித்த பிறகும், கேஸ் ஒரு யூனிற் 10 பென்சைத் தாண்டியது. மின்சாரம் 34 பென்ஸ். அதுவரை பொயிலர் உடைந்தால் மட்டும் எனக்குப் போன் அடித்தவர்கள், உடையாத பொயிலரை மாற்றலாமோ என்று கேட்கத் தொடங்கினார்கள். அதே வருடம் மே மாதம் பொயிலர் அப்கிரேட் ஸ்கீம் ஆரம்பித்திருந்தது. கேஸ் பொயிலரைக் கழற்றி ஹீற் பம்ப் பூட்டினால் 5,000 பவுண் மானியம். 2023 ஒக்டோபர் 23இல் அது 7,500 ஆனது. பூட்டும் வேலைக்கு வற் வரியும் 2022 ஏப்ரலிலிருந்து இல்லை. மானியம் வேண்டுமென்றால் எம்சிஎஸ் என்ற தரச்சான்றுப் பதிவுள்ளவர் பூட்டவேண்டும். பதிவு வேண்டுமென்றால் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். நரைத்த தலையோடு நான் திரும்பவும் வகுப்பில் போய் இருந்தது அந்தக் கணக்குக்காகத்தான்.

இயந்திரத்தில் மர்மம் ஒன்றுமில்லை. குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து முதுகுப்பக்கமாக வெளியே விடுகிறது. ஹீற் பம்ப் வெளிக் காற்றிலிருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிறது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது புரொப்பேன். தொழிலில் ஆர்290 என்போம். அது கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில். அதற்கு லண்டனின் 2 டிகிரிக் காற்று நல்ல சூடான காற்று. அந்தக் காற்றில் அது ஆவியாகும். கொம்பிரசர் அந்த ஆவியை நெருக்கிப் பிழியும்போது சூடேறும். அந்தச் சூட்டை ரேடியேற்றர் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகி வெளியே போகும். மின்சாரம் சூட்டை உண்டாக்குவதில்லை, சுமந்து வருகிறது. அதனால் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு மூன்று, நாலு யூனிற் சூடு கிடைக்கிறது. "கேஸை வெட்டிப்போட்டு வாசலிலை வேறை கேஸோ?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது, எரியக்கூடியது. அதனால்தான் பெட்டியை யன்னல், கதவு, கழிவுநீர் வாய்க்கால் எல்லாவற்றிலிருந்தும் குறித்த தூரம் தள்ளி வைக்கிறோம்.

யோசனையும் புதிதில்லை. கெல்வின் பிரபு 1852இலேயே இதை எழுதிவிட்டார். 1945இல் நொரிச் நகரத்தில் ஜோன் சம்னர் என்ற மின் பொறியியலாளர், பழைய கொம்பிரசரை வைத்து, வென்சம் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடெடுத்து நகரசபையின் மின்சாரக் கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார். லண்டனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1951இல் தேம்ஸ் கரையில் றோயல் ஃபெஸ்டிவல் ஹோல் திறந்தபோது, ஆற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீற் பம்ப் ஒன்று அங்கே ஓடியது. இயந்திரம் சரியாகத்தான் வேலைசெய்தது. ஆனால் அரங்கின் தேவையை மிஞ்சிய அளவில் கட்டிவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டது. வோட்டர்லூ பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வரும். எழுபது வருடம் கழித்து வீட்டு வாசல்களில் நான் பார்க்கிற கோளாறுகளில் பலவும் அதேதான்: பெட்டி நல்லது, அளவு பிழை.

இனி அளக்கிற கதை. ஈஸ்ற்ஹாமில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரிசை வீடு ஒன்றின் முன்னறையை எடுத்துக்கொள்ளுங்கள். தெருப் பக்கச் சுவர் 9 அங்குலச் செங்கல். நடுவில் இடைவெளி கிடையாது. யன்னலைக் கழித்தால் சுவர் 7 சதுர மீற்றர். அந்த மாதிரிச் சுவரில் ஒரு சதுர மீற்றர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 2.1 வாற் வெளியே போகும். உள்ளே 21, வெளியே மைனஸ் 2 என்று வைத்தால் வித்தியாசம் 23. பெருக்கினால் அந்த ஒரு சுவரில் மட்டும் 340 வாற் போகிறது. பழைய இரட்டைக் கண்ணாடி யன்னல் 3 சதுர மீற்றரில் இன்னொரு 190. கீழே பலகை நிலம். பலகை இடுக்கிலும் மூடாத புகைபோக்கியிலும் காற்று ஏறி இறங்குகிறது. எல்லாம் சேர்த்தால் 1,150 வாற் அளவில் வரும். இப்படியே ஒவ்வொரு அறையாக நாடாவும் கையுமாகப் போகவேண்டும். லொஃப்டில் ஏறிப் பஞ்சு எத்தனை அங்குலம் என்று பார்க்கவேண்டும். ஒரு முழு நாள் வேலை.

இப்போது அந்த அறையிலிருக்கும் ரேடியேற்றரைப் பார்ப்போம். ஒற்றைத் தகடு, ஒரு மீற்றர் நீளம். 1,000 வாற் தரும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது உள்ளே சராசரி 70 டிகிரித் தண்ணீர் ஓடும்போது. ஹீற் பம்ப் 45 டிகிரியில் தண்ணீர் அனுப்பினால் அதே தகடு மூன்றில் ஒரு பங்குதான் தரும். 350 வாற்றை வைத்துக்கொண்டு 1,150 வாற் அறையைச் சூடாக்க முடியாது. ஆகவே மூன்று தகடு கொண்ட, 1,400 மில்லிமீற்றர் நீளமான ரேடியேற்றர் வேண்டும். அதை வைக்கிற இடத்தில் சோஃபா இருக்கும். அங்கிருந்து ஆரம்பிக்கும் பேச்சுவார்த்தை. சோஃபாவை நகர்த்துவதா, சுவருக்கு உட்புறமாக இன்சுலேசன் அடித்துச் சின்ன ரேடியேற்றர் போடுவதா, தண்ணீரை 50க்கு ஏற்றுவதா? ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் இயந்திரத்தின் திறன் 2 அல்லது 3 சதவீதம் இறங்கும். இந்த மூன்றில் எதைத் தெரிவு செய்தாலும் அதற்கொரு விலை உண்டு. அந்த விலையை முன்கூட்டியே சொல்வதுதான் இப்போது என் வேலை.

அடுத்தது பைப். பொயிலரிலிருந்து போகும் தண்ணீர் 20 டிகிரி சூட்டை இழந்து திரும்பும். ஹீற் பம்பில் அந்த வித்தியாசம் 5 டிகிரிதான். ஆகவே அதே சூட்டைச் சுமக்க நாலு மடங்கு தண்ணீர் ஓடவேண்டும்: 8 கிலோவாற்றுக்கு நிமிடத்தில் 6 லீற்றர் போதுமென்றிருந்த இடத்தில் 23 லீற்றர். எழுபது, எண்பதுகளில் பல வீடுகளில் பென்சில் தடிப்பில் செப்புக் குழாய் ஓட்டினார்கள், மைக்ரோபோர். பலகையைத் தூக்கி அது தெரிந்ததும் என் முகம் மாறுவதை வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

சுவரும் பைப்பும் எல்லாருக்கும் பொது. எங்கள் வீடுகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஹீற் பம்பால் தண்ணீரை அந்தக் கணத்தில் சுடவைத்துத் தரமுடியாது. சுடவைத்து ஒரு தாங்கியில் சேமித்து வைக்கவேண்டும். ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டுக்கு 250 லீற்றர் தாங்கி. கொம்பி பொயிலர் வந்த காலத்தில் லண்டன் வீடுகளில் இருந்த பழைய தாங்கிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டார்கள். அது இருந்த அலுமாரி, மேல்மாடிப் படி முடிகிற இடத்தில், கதவோடு காலியாக நின்றது. ஹரோவிலும் வெம்பிளியிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் அதுதான் இப்போது சாமி அறை. நல்லூர்க் கந்தன் படம், ஒரு குத்துவிளக்கு, ஊதுபத்திப் புகை படிந்த சுவர். பைப்புகள் எல்லாம் வந்து சேருகிற இடமும் அதுதான்.

"சாமியைத் தூக்கிப்போட்டுத் தண்ணித் தாங்கி வைக்கிறதோ? வேறை இடமில்லையோ தம்பி?" என்று ஒரு வீட்டு அம்மா கேட்டார். மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், மருமகள் என் முகத்தைப் பார்த்தார். லொஃப்டில் வைக்கலாமே என்று மகன் ஆரம்பித்தார். 250 லீற்றர் தண்ணீர் என்றால் தாங்கியின் பாரத்தையும் சேர்த்து 300 கிலோவுக்குக் கிட்ட. அந்தக் கூரைச் சட்டங்கள் அதற்காகப் போட்டவை அல்ல. கடைசியில் கராஜ் மூலையில் வைத்தோம். பைப் ஓட்டம் நீண்டது, அதை முழுக்கத் தடித்த உறையால் போர்த்தவேண்டி வந்தது, செலவு கூடியது. அம்மா அந்த மேலதிகக் காசைத் தன் கையால் எண்ணித் தந்தார். வெள்ளிக்கிழமை விடிய வீட்டில் ஐந்து பேரும் தலைக்குக் குளித்த பிறகும் தாங்கியில் சுடுதண்ணீர் மிச்சமிருந்ததைப் போன் எடுத்துச் சொன்னவரும் அவரேதான். தாங்கியை நாளாந்தம் 48 அல்லது 50 டிகிரியில் வைத்து, கிருமி வளராமலிருக்கக் கிழமைக்கு ஒருமுறை 60க்கு ஏற்றிவிடுவோம். அதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும்.

பூட்டி முடித்த பிறகு வரும் முதல் முறைப்பாடு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "தம்பி, கையை வைச்சுப் பாரும். இது சுடேல்லை." உண்மைதான், சுடாது. 40 டிகிரித் தகடு கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அறை 21இல் நிற்கும். வெப்பமானியைக் காட்டினால் தலையாட்டுவார்கள், ஆனால் கை நம்பாது. பொயிலர் காலத்தில் எங்கள் சனம் ஹீற்றிங்கைப் பயன்படுத்தியது ஒரு தனி முறை: காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம், மிச்ச நேரம் சுவெற்றரும் கம்பளியும். போட்ட நேரத்தில் ரேடியேற்றருக்கு முதுகைக் கொடுத்து நின்று தேநீர் குடிப்பது, பள்ளிக்கூடச் சீருடையை அதன்மேல் காயப்போடுவது எல்லாம் அந்த முறையின் பகுதிகள். ஹீற் பம்ப் இதற்கு நேர்மாறு. குறைந்த சூட்டில், இரவு பகலாக, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். வெளிக்குளிர் கூடினால் தண்ணீரின் சூட்டைத் தானே இரண்டு டிகிரி கூட்டும், வெயில் அடித்தால் குறைக்கும்.

ஒரு வீட்டில் பில் கணக்கு எனக்கு ஒத்துவரவே இல்லை. இயந்திரத்தின் பதிவை என் போனில் திறந்து பார்த்தால் ஒவ்வொரு இரவும் பத்தரை மணிக்கு எல்லாம் அணைகிறது. விடிய ஐந்தரைக்கு உயிர்த்து, 55 டிகிரியில் மூச்சுவாங்க ஓடுகிறது. கோளாறு என்றால் இப்படி நேரம் தவறாமல் வராது. நேரில் போய்க் கேட்டபோது வீட்டு ஐயா ஒளிக்கவில்லை. "ஆருமில்லாத நேரத்திலை சும்மா ஓடிக்கொண்டிருக்குது தம்பி. அதுதான் படுக்கேக்கை நான் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுப் படுக்கிறனான்." ஊரில், கூப்பனுக்குச் சாமான் வாங்கிய காலத்திலும் மின்சாரமில்லாத யுத்த காலத்திலும் குடும்பம் நடத்திய மனிதர். எரிகிற லைற்றை அணைத்துவிட்டுப் போகவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அவரிடம் போய்த் திறன் விகிதம் பேசமுடியுமா? சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தவர் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். சந்திக்குச் சந்தி இறங்கி நின்று, பிறகு எழும்பி நின்று மிதித்துப் போனால் களைப்பு வருமா, ஒரே சீராக மிதித்தால் வருமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்ப நிப்பாட்டாமல் ஒரு கிழமை விட்டுப் பாப்பம், ஆனால் மீற்றரை நான் எழுதி வைப்பன்" என்றார். எழுதியும் வைத்தார், பழைய கொப்பி ஒன்றில், காலை மாலை இரண்டு நேரமும். அதன் பிறகு சுவிச்சில் கை வைக்கவில்லை. நான் கொடுத்த விளக்கத்தைவிட அவருடைய கொப்பியைத்தான் அவர் நம்பினார். அதுதான் சரியும்கூட.

குசினியும் கணக்கில் வரும். மீன் பொரிக்கிற நாளில் பின்கதவும் யன்னலும் இரண்டு மணித்தியாலம் திறந்து கிடக்கும். 30 கிலோவாற் பொயிலர் அதைக் கவனித்தே இருக்காது. 7 கிலோவாற் இயந்திரம் அந்தச் சூட்டைத் திரும்பப் பிடிக்க இரவு வரை உழைக்கும். நல்ல எக்ஸ்றாக்ரர் விசிறி போட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கச் சொல்வேன். கேஸ் அடுப்பையும் விட்டால் கேஸ் மீற்றரையே கழற்றலாம். 2025 விலைப்படி நாளுக்கு 30 பென்ஸ் அளவில் வருடம் 110 பவுண் நிலைக் கட்டணம் மிச்சம். அப்போதுதான் உண்மையான எதிர்ப்பு வரும். இரும்புத் தோசைக்கல் இன்டக்ஷன் அடுப்பில் நன்றாகவே வேலைசெய்யும். அலுமினியப் புட்டுப் பானையும் மண்சட்டியும் சூடாகாது. மண்சட்டிக்காகக் கேஸை வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன், அவர்களோடு வாதாடுவதில்லை.

குளிர்காலத்தில் இன்னொரு வகைத் தொலைபேசி அழைப்பு வரும். லண்டன் குளிர் ஈரக் குளிர். காற்று 0 முதல் 4 டிகிரிக்குள் நிற்கும்போது அதிலுள்ள ஈரம் வெளிப்பெட்டியின் தகடுகளில் உறைபனியாகப் படியும். காற்று போக வழியில்லாமல் அடைபடும்போது இயந்திரம் சில நிமிடம் திசைமாறி ஓடி, வீட்டுப்பக்கச் சூட்டை வெளியே அனுப்பிப் பனியை உருக்கும். அப்போது பெட்டியிலிருந்து வெண்மையாக நீராவி எழும்பும். 2022 டிசம்பரில் லண்டனில் பனி கொட்டிய அந்தக் கிழமையில், பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி எரிகிறதென்று ஓடிவந்து கதவைத் தட்டிய சம்பவம் எனக்குத் தெரிந்த வீட்டிலேயே நடந்தது. நீராவி ஆபத்தில்லை. உருகிய தண்ணீர் நடைபாதையில் வழிந்து திரும்ப உறைந்தால் ஆள் வழுக்கி விழுவார், அதுதான் ஆபத்து. அதனால் பெட்டிக்குக் கீழே சரளைக்கல் குழி தோண்டாமல் நான் வேலையை முடிப்பதில்லை. குளிர்நாட்டில் இது ஓடாது என்பவர்களுக்கு நோர்வேயைக் காட்டலாம். அங்கே நூற்றுக்கு அறுபது வீடுகளில் ஹீற் பம்ப் இருக்கிறது.

சத்தத்துக்கும் விதி உண்டு. திட்ட அனுமதி கேட்காமல் பூட்டவேண்டுமென்றால், பக்கத்து வீட்டு யன்னலுக்கு முன்னால் 42 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று கணக்குக் காட்டிப் பழகினோம். எல்லையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளித்தான் வைக்கலாம் என்றொரு விதியும் இருந்தது. ஒடுங்கிய வரிசை வீடுகளில் எத்தனையோ பேரின் ஆசையை அந்த ஒரு மீற்றர் முடித்துவைத்தது. 2025 மே கடைசியில் இங்கிலாந்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

மற்றவர் பூட்டியதைத் திருத்தப் போகும் வேலைதான் இந்தத் தொழிலில் அதிகம் படிப்பிப்பது. பெரிய கொம்பனி ஒன்று பூட்டிய வீட்டுக்குப் போனேன். வீட்டின் தேவை 6 கிலோவாற். வாசலில் நிற்பது 11. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று வீட்டுக்காரரும் நினைத்திருக்கிறார். வெளியே 8, 10 டிகிரி இருக்கும் நாட்களில், லண்டன் குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான், அந்த வீட்டுக்கு 3 கிலோவாற்கூடத் தேவைப்படாது. இயந்திரத்தால் அவ்வளவு கீழே இறங்கி ஓட முடியாது. ஆகவே ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். கொம்பிரசர் தேயும், மின்சாரம் குடிக்கும். போதாததற்கு 55 டிகிரியில் நிலையாக வைத்து, ஒவ்வொரு ரேடியேற்றரிலும் தனித்தனிக் கட்டுப்பாட்டு வால்வைப் பாதி மூடிவிட்டிருந்தார்கள். பெட்டியை மாற்ற அந்தக் குடும்பத்திடம் காசில்லை. வால்வுகளைத் திறந்து, தண்ணீரை 42க்கு இறக்கி, வெளிக்குளிருக்கு ஏற்ப மாறும்படி விட்டேன். வீட்டுக்குள் சூடு முன்னையதைவிடச் சீரானது. ஓடி நிற்கும் ஓட்டம் பாதியாவது அடங்கியது. இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அதன்பின் திட்டவேண்டியவர்களைத் திட்டினார்கள்.

காசுக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் விலை உச்சவரம்புப்படி மின்சாரம் யூனிற் 27 பென்ஸ், கேஸ் 7 பென்ஸ். ஒரு வீட்டுக்கு வருடம் 12,000 யூனிற் சூடு வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 88 சதவீதத் திறனுள்ள பொயிலரில் அது 955 பவுண். ஹீற் பம்ப் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு 3.4 யூனிற் சூடு தந்தால் ஏறத்தாழ அதே 955 பவுண்தான், லாபமுமில்லை நட்டமுமில்லை. ஒன்றுக்கு 4 தந்தால் 810. ஒன்றுக்கு 2.8தான் தருகிறதென்றால் 1,157. வருடத்துக்கு 350 பவுண் வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை. அளந்த கையிலும் பூட்டிய கையிலும் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் 742 வீடுகளில் பூட்டிப் பார்த்த பரிசோதனையில் நடுத்தரமாக வந்த திறன் 2.8 அளவில்தான். அதே பரிசோதனை இன்னொன்றையும் காட்டியது: விக்டோரியா காலத்து வரிசை வீடாகட்டும், அறுபதுகளின் ஃபிளாற்றாகட்டும், ஹீற் பம்ப் பூட்டவே முடியாத வீட்டு வகை என்று ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். எந்த வீட்டிலும் பூட்டலாம். எந்த வீட்டிலும் மோசமாகவும் பூட்டலாம்.

மின்சாரம் கேஸைப்போல் நாலு மடங்கு விலை விற்பதற்கு என்னால் ஒன்றும் செய்ய இயலாது. அரசாங்கத்தின் கொள்கைச் செலவுகளில் பெரும்பங்கு நெடுங்காலமாக மின்சாரப் பில்லின் தலையில்தான் ஏற்றப்பட்டு வந்தது. மின்சார விலையைப் பல நேரம் தீர்மானிப்பதும் கேஸில் ஓடும் மின்நிலையங்களே. நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்துக்கு மாறி, மலிவான நேரத்தில் தாங்கியைச் சுடவைத்து, வீட்டையும் ஒரு டிகிரி கூட்டி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இந்த விலையிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். பெரும்பாலும் அந்த வீடுகளில் போனும் கையுமாக ஒரு பிள்ளை இருக்கும்.

ஃபிளாற்றில் இருப்பவர்கள் எங்களுக்கு வழியில்லையா என்று கேட்பார்கள். தனியாள் செய்யக்கூடியது குறைவு, கூட்டாகச் செய்யலாம். என்ஃபீல்டில் நகரசபையின் எட்டு உயர்மாடிக் கட்டடங்களில் 400க்கு மேற்பட்ட ஃபிளாற்றுகளுக்கு, நிலத்துக்கடியில் துளைபோட்டுப் பொதுவாகக் குழாய் ஓட்டி, வீட்டுக்கு வீடு சின்ன ஹீற் பம்ப் வைத்தார்கள். இஸ்லிங்ரனில் 2020இல் திறந்த பன்ஹில் நிலையம், நோர்தன் லைன் சுரங்கத்திலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான காற்றிலிருந்து சூடெடுத்து 1,350 வீடுகளுக்கு அனுப்பக்கூடியது. அதற்குப் பயன்படும் காற்றுவழி 1922இல் மூடிய சிற்றி றோட் ஸ்ரேசனுடையது. நாம் கோடையில் வியர்த்துக்கொண்டு நின்ற அதே ரியூப் காற்று.

இந்த நாடு இதைப்போலப் பெரிய மாற்றத்தை ஒருமுறை செய்திருக்கிறது. 1967இலிருந்து 1977 வரை பத்து வருடத்தில், நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய கேஸை விட்டு வடகடல் கேஸுக்கு மாற, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு அடுப்பின் வாயையும் மாற்றினார்கள். அதைப் பார்த்த வயதான வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போது மாற்றியது அடுப்பின் வாயை மட்டும். வீட்டை அப்படியே விட்டார்கள். இம்முறை வீட்டையே கணக்கெடுக்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் மெதுவாகப் போகிறது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பொயிலர் நல்லாக இருந்தால் இந்தக் குளிர்காலத்தில் அதன் தண்ணீர்ச் சூட்டை 55க்கு இறக்கிவிட்டு இருந்து பாருங்கள். வீடு சூடாக இருந்தால் உங்கள் ரேடியேற்றர்கள் ஏறத்தாழத் தயார். எந்த அறை குளிர்கிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, பில்லும் கொஞ்சம் குறையும். லொஃப்டில் பஞ்சு போதாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். வருபவர் அறை அறையாகப் போகிறாரா, யன்னலை அளக்கிறாரா, எத்தனை பேர் எந்த நேரம் குளிப்பீர்கள் என்று கேட்கிறாரா என்று பாருங்கள். எந்தச் சூட்டில் தண்ணீர் ஓடும், ஒன்றுக்கு எத்தனை தரும் என்று எழுத்தில் கேளுங்கள். நாடாவை வெளியே எடுக்காமல், வாசலில் நின்றபடியே விலை சொல்லும் ஆளுக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த ஆள் நானாக இருந்தாலும்.